வன்கொடுமைப் புகாரும் கணினி உதவியாளரும்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'கோபைலட்', கூகுள் டாக்ஸில் 'ஜெமினி' எனப் பெயர் பெற்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள், தட்டச்சு செய்ததைச் சுருக்கும்; திருத்தும்; புதிதாகவும் எழுதித் தரும். அவை உண்மையைச் சரிபார்த்து எழுதுவதில்லை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்தே எழுதுகின்றன.

கடலூரிலோ சிதம்பரத்திலோ வன்கொடுமைப் புகார் தயாரிப்போருக்கு இது சிறிய செய்தியன்று. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் இழித்துரைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே சொல்லப்பட்ட சொல், இடம், உடனிருந்தோர் ஆகியவையே வழக்கின் உயிர். "தேநீர்க் கடை முன் சாதிப் பெயரைச் சொல்லி ஏசினார்" என்ற வரியை, நடையைச் செம்மையாக்கும் கருவி "தகாத வார்த்தைகளால் பேசினார்" என மாற்றிவிடக்கூடும். சாதியும் போயிற்று, கடையும் போயிற்று. (கணினி வருமுன்பே காவல் நிலைய எழுதுகோல்கள் இத்திருப்பணியைச் செய்துவந்தன என்பது வேறு.)

தீர்ப்பு மேற்கோள்களையும் இக்கருவிகள் கற்பித்துவிடும். சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்தமைக்காக 2023இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது.

எனவே பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை அவர் சொற்களிலேயே முதலில் கையால் எழுதி, தேதியிட்டு, ஒப்பம் பெறுகிறோம். இவ்வுதவியாளர்களுக்குத் தரும் உரை பெரும்பாலும் நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்வதால், பெயர், ஊர், சாட்சிகள் பற்றிய விவரங்களை நீக்கிய பின்னரே பிற பகுதிகளுக்கு அவற்றைப் பயன்படுத்துகிறோம்.