மலையேறும் லொறிக்கு ஒரு தடம்: கல்முனையிலிருந்து ஒரு வாதம்

கல்முனை மேடு காணாத ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல். ஆனால் இவ்வூர் மீனும் அரிசியும் கண்டிச் சந்தையை அடைய மலையேறியே தீரவேண்டும். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது லொறி மட்டுமே. கொழும்புக்குப் போகும் சுமை ஹபரணை வழியே சமவெளியில் சுற்றிப் போகலாம். கண்டிக்குப் போவதற்கு மஹியங்கனையைக் கடந்து ‘பதினெட்டு வளைவு’ எனும் மலைவீதியில் ஏறுவதே நேர்வழி.

ஹசலக்கையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சாரதி இரண்டாம் கியருக்கு இறங்குகிறார். பின்னால் ஒரு பஸ், இரண்டு வேன்கள். பஸ் சற்று வலப்பக்கம் விலகி எதிரே பார்க்கிறது. வளைவு மறைக்கவே மீண்டும் லொறியின் பின்னால் ஒடுங்குகிறது. விபத்தின் விதை இந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

லொறி ஊர்வதற்குச் சாரதி பொறுப்பல்ல. 10 தொன் எடையுள்ள வண்டி 7 சதவீத ஏற்றத்தில் ஏற, சரிவையும் சக்கர உராய்வையும் வெல்ல ஏறத்தாழ 8 கிலோ நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்துக்கு 80 கிலோவாட் வலு கிடைத்தாலும் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றரைத் தாண்டாது. பழைய இஞ்சினும் கூடுதல் சுமையும் சேர்ந்தால் அதுவும் பாதியாகும். மெதுவாக ஏறும் வண்டிகளுக்கென இடப்பக்கம் தனித்தடம் அமைப்பதே உலகறிந்த தீர்வு. கனரக வண்டியின் வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் குறைவதை, போக்குவரத்து அளவோடு சேர்த்து, அத்தடத்துக்கான அளவுகோலாக அமெரிக்க வீதி வடிவமைப்பு நெறிமுறை கொள்கிறது.

மலையை வெட்டினால் சரியும் என்பது வலுவான மறுப்பு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதைக் கண்டவர்கள் அதைப் புறந்தள்ள முடியாது. அதனால் மலை முழுவதும் மூன்றாம் தடம் போடும்படி நான் கேட்கவில்லை. கொண்டையூசி வளைவில் நீண்ட வண்டியின் பின்சக்கரம் உட்புறம் வெட்டிச் செல்வதால், அங்கு தடம் சேர்க்க மிகுந்த அகலம் தேவைப்படும். வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்த்துண்டுகளே இதற்குப் பொருத்தமானவை.

சிறுதுண்டு போதுமா? லொறி 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊர, பின்வரும் வண்டி 40இல் போனால், அது லொறியைவிட 50 மீற்றர் கூடுதலாக முன்னேற 9 விநாடி ஆகும். அதற்குள் கடக்கும் தூரம் 100 மீற்றர். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் வண்டி 90 மீற்றர் முன்னேற வேண்டுமாயின், அதற்கும் 180 மீற்றர் போதும். தடம் முடியுமிடத்தில் இணைவதற்கான தூரத்தையும் சேர்த்து 300 மீற்றர் இருந்தால், மூன்று வண்டிகள் பாதுகாப்பாக முந்திவிடும். எதிரே வருபவரின் உயிர் பணயமாகாது.

வீதி அபிவிருத்தி அதிகார சபை அந்த நேர்த்துண்டுகளை அளக்கட்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சரிவின் உறுதியைச் சோதிக்கட்டும். இரண்டும் ஒப்பும் இடங்களில் மட்டும் ஏறுதடம் அமையட்டும். ரயிலும் துறைமுகமும் கிடைக்காத கரையோர மக்களுக்கு இந்த 300 மீற்றரைக் கொடுப்பது சலுகை அல்ல, நியாயம்.