கடுகண்ணாவை ஏற்றமும் நாலு ஷொக் அப்சோபரும்

மாமாவின் பழைய ஜப்பான் காருக்கு நாலு ஷொக் அப்சோபர் புதுசா போட்டோம். கம்பெனிச் சாமான் இல்லை, விலை குறைஞ்சது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க; சொந்தக் கார் திரும்ப வர 2025 ஆயிடுச்சு. அதுவரைக்கும் பழசை ஒட்டுப்போட்டு ஓட்டினவங்கதான் நம்மில் பலர்.

அடுத்த நாள் கடுகண்ணாவையில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்'. பழசு ஆட்டிச்சு, புதுசு குத்துது. கராஜ் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஷொக் மட்டும் மாத்தினா பத்தாது. மேல உள்ள ரப்பர் மவுண்ட் செத்துப்போச்சு. ரோட்டு அடி நேரா பொடிக்கு ஏறுது."

ஸ்பிரிங் அடியை வாங்கும், ஆனா திரும்பத் துள்ளும். அந்தத் துள்ளலை எண்ணெய்க்குள் அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. காரின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருந்தாத ஷொக் என்றால், அடங்குவதற்குப் பதில் இறுகிவிடும்.

இந்த ஏற்றத்தில் அடி யாருக்கு, சொகுசு யாருக்கு என்பது பழைய கேள்வி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவருக்குக் கோபுரம் நிற்குது. கல்லுடைச்சவங்களுக்குக் கோபுரம் இல்லை. மன்னர் காலத்தில் நிலத்துக்கு ஈடாகச் செய்த இராஜகாரிய ஊழியத்தை வெள்ளைக்காரர் வீதி வேலைக்குத் திருப்பினாங்க. கிராமத்துச் சிங்கள மக்கள் கட்டாயமாகக் கூட்டிவரப்பட்டாங்க.

1832இல் இரண்டு விஷயம் நடந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கிச்சு, இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. பலவந்தமாக வெட்டப்பட்ட வீதியில்தான் முதல் பயணி உட்கார்ந்து போனார்.

பயணி வண்டிக்கு வில் கிடைச்ச காலம் அது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் 1804இலேயே நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். கோப்பி மூட்டை சுமந்த மாட்டு வண்டிக்கு அந்த வில் இல்லை; பள்ளத்தின் அடி முழுக்க அச்சிலும் வண்டிக்காரன் முதுகிலும்தான். 1867இல் ரயில் கண்டிக்கு வந்து அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்ம பாட்டன்மாருக்கோ அந்த வண்டிகூட இல்லை. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க.

நாங்க மவுண்ட்டையும் புஷ்ஷையும் மாத்தினோம். சத்தம் போச்சு; இறுக்கம் கொஞ்சம் இருக்கு. கோபுரத்தைக் கடக்கும்போது மாமா கேட்டார், "இப்ப பரவாயில்லையா?" பரவாயில்லை என்றேன். கல்லுடைச்சவங்களை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க.