பழவேற்காட்டுக் குப்பையும் ஐயாயிரம் ரூபாயும்

வரலாறு தேடிப் போனேன், குப்பையைப் பார்த்துட்டு வந்தேன். தலைப்பைப் பார்த்து ஓடிடாதீங்க மக்களே, கொஞ்சம் பொறுமையாப் படிங்க :-)

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் நண்பர் ஒருத்தரும் பொன்னேரி வழியா பழவேற்காடு போயிருந்தோம். ஐடியா என்னன்னா, டச்சுக் கல்லறையைப் பார்த்துட்டு, ஏரியில ஒரு ரவுண்டு போயிட்டு, இறால் வறுவலோட திரும்பணும். வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பாங்களே, அந்தக் கல்லறைதான். டச்சுக்காரன் 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினது, இங்கேருந்து துணியை மட்டுமில்லாம பஞ்ச காலத்துல மனுஷங்களையும் அடிமைகளா பத்தாவியாவுக்குக் கப்பல் ஏத்தினது, 1825-ல ஊரை வெள்ளைக்காரன் கையில குடுத்துட்டுப் போனது... எல்லாத்தையும் நண்பருக்கு விளக்கிட்டே வந்தேன். அவர் கொட்டாவி விட்டுட்டே வந்தார்.

அப்புறம் ஏரியோரமா இருக்கிற ஒரு குப்பத்துப் பக்கம் நடந்தோம். ஒரு அம்மா மூணு சக்கர வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. வண்டியில பிளாஸ்டிக் பாட்டில், உடைஞ்ச தெர்மோகோல் பெட்டி, கிழிஞ்ச நைலான் வலை, குழந்தைங்களுக்குக் கட்டுற டயாப்பர். பேச்சுக் குடுத்தேன்.

"அக்கா, மாசம் எவ்ளோ வருது?"

"அஞ்சாயிரம் தம்பி."

"வாரத்துக்கா?"

சிரிச்சாங்க. "நீ வேற. மாசத்துக்குத்தான். ஞாயித்துக்கிழமை உங்கள மாதிரி டவுன்காரங்க வந்து போனா திங்கக்கிழமை டபுள் வேலை, அதுக்கும் அதே அஞ்சாயிரம்."

கையில இருந்த தண்ணி பாட்டிலை எங்க போடறதுன்னு தெரியாம பையிலேயே வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் டச்சுக்காரன் கதையை மூடி வச்சுட்டு, இந்த ஐயாயிரத்தோட கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல மெட்ராஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க பழவேற்காட்டுல காலூன்றப் பார்த்து, டச்சுக்காரன் விடாததால, ஏரிக்கு வடக்கே ஆர்மகான்ல கொஞ்ச நாள் இருந்துட்டு, 1639-ல மெட்ராசுக்கு வந்து சேர்ந்தவங்க. ஊர் பெருசாச்சு, கூடவே குப்பையும் பெருசாச்சு. 1678-ல கவர்னரா வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், தெருவைச் சுத்தம் பண்ண வீட்டு வரி போடப் பார்த்தார். ஊர் மக்கள் ஒத்துக்கலை. கடைசியில, மாநகராட்சின்னு ஒண்ணு வச்சு உள்ளூர் ஆளுங்களையும் அதுல சேர்த்துக்கிட்டா மக்கள் வரி குடுப்பாங்கன்னு லண்டன்ல கணக்குப் போட்டாங்க. 1688-ல சென்னை மாநகராட்சி பிறந்த கதையில இதுவும் ஒரு முக்கியப் பங்கு.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? வரி போட்டவன் பேரு இருக்கு, வரி குடுக்க மாட்டேன்னு சொன்னவங்க கதை இருக்கு. தெருவைக் கூட்டினவங்க யாரு, என்ன கூலின்னு புத்தகத்தைப் புரட்டினா அந்த இடம் மட்டும் காலியா இருக்கு.

கிராமத்துல கதை வேற. அங்க தோட்டின்னு ஒரு ஊர்ப்பணி இருந்தது. கூலி காசா வராது. அறுவடையில களத்துமேட்டுல இத்தனை மரக்கா நெல்லுன்னு ஒரு பங்கு, சில ஊர்ல கொஞ்சம் மானிய நிலம். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஏமாந்துடாதீங்க. எந்தச் சாதியில பிறந்தா எந்த வேலைன்னு கட்டிப்போட்டு, அப்பன் வேலையைப் பிள்ளை மேல சுமத்தின ஏற்பாடு அது. மாநகராட்சிகள் ஆள் எடுத்தப்பவும் அதே சாதிகளைத் தேடித்தான் எடுத்தாங்க. சென்னைத் தூய்மைப் பணியாளர்கள்ல நெல்லூர்ப் பக்கத்துலேருந்து வந்த தெலுங்கு பேசுற தலித் குடும்பங்கள் நிறைய இருக்கறதுக்கு அதுதான் காரணம். நெல்லூர்லேருந்து மெட்ராசுக்கு வர்ற வழியிலதான் நம்ம பழவேற்காடு ஏரியும் இருக்கு.

சரி, மீனவர் குப்பங்கள்ல அப்போ குப்பை அள்ளினது யாரு? அள்ளுற அளவுக்குக் குப்பையே இல்லைங்கிறதுதான் பதில். கட்டுமரம் மரம். வலை பருத்தி நூல், சணல் நூல். அதுக்கு மரப்பட்டைச் சாயம் ஏத்துவாங்க, அப்படியும் மக்கிடும். கூடை பனையோலை. மீன் குடலைக் காக்காயும் நாயும் பார்த்துக்கும். 1960-கள்ல நைலான் வலை பரவிச்சு. மக்காது, நிறைய பிடிக்கும், மீனவருக்கு லாபம். அந்த "மக்காது"தான் பின்னால வினையாச்சு. அப்புறம் ஃபைபர் போட்டு, தெர்மோகோல் பெட்டி, பாட்டில் தண்ணி, டூரிஸ்டு. காயலான் கடைக்காரர் எடைக்குப் போட்டு எடுக்கிறது போக மிச்சமெல்லாம் கரையில. (காயல்பட்டினத்து வியாபாரிங்க பழைய கப்பல் சாமானை வாங்கி வித்ததால அந்தப் பேரு வந்ததுன்னு சொல்வாங்க.) ஆக, குப்பத்துக்குக் குப்பை வந்ததே நம்ம அப்பா தாத்தா காலத்துலதான். அதை அள்ள சம்பளத்துக்கு ஆள் வந்தது அதுக்கும் ரொம்பப் பின்னாடி.

தமிழ்நாட்டு ஊராட்சிகள்ல தூய்மைக் காவலர்னு ஆள் போட ஆரம்பிச்சது 2014-15 வாக்குல, முதல்ல நூறு நாள் வேலைத் திட்டத்தோட சேர்த்து. மாசச் சம்பளம் 2,600 ரூபாய்னு இருந்தது. 2021-ல அதை 3,600 ஆக்கினாங்க. அப்புறம் 2023-ல 5,000.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 5,000-ஐ 30-ஆல வகுத்தா நாளைக்கு 167 ரூபாய்கூட முழுசா வரலை. 2025-26-க்கு நூறு நாள் வேலையில தமிழ்நாட்டுக்கு நிர்ணயிச்ச நாள் கூலி 336 ரூபாய். அதாவது, குளம் வெட்டுற வேலைக்குக் கிடைக்கிற கூலியில பாதிகூட இல்லை. "காலையில கொஞ்ச நேர வேலைதானே"ன்னு நண்பர் சொன்னார். வண்டியைத் தள்ளி, வாங்கி, மக்குறது மக்காததுன்னு பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடும். அதுக்கு மேல போய் வேற வேலை தேடினா யார் குடுப்பா? உள்ளாட்சி வேலைங்கிறது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தோட அட்டவணையிலேயே இருந்த ஒண்ணு. அப்படி இருந்தும் இந்த நிலைமை.

நகரத்துல மட்டும் என்ன வாழுதாம்? 2000-ல சென்னையோட பத்து மண்டலத்துல மூணை ஓனிக்ஸ் கம்பெனிக்குக் குடுத்தாங்க. மக்கள் குப்பை லாரிக்கே ஓனிக்ஸ்னு பேர் வச்சது ஞாபகம் இருக்கா? 2007-ல நீல் மெட்டல் ஃபனால்கா, 2012-ல ராம்கி, 2020-ல உர்பேசர் சுமீத். கம்பெனி மாறிச்சு, சட்டை கலர் மாறிச்சு. 2020-ல அரசாங்கம் துப்புரவுப் பணியாளர்ங்கிற பேரையே தூய்மைப் பணியாளர்னு மாத்திச்சு. பேரை மாத்தினது நல்ல விஷயம்தான், குறை சொல்லலை. ஆனா 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதியிலேருந்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளிங்க ரிப்பன் மாளிகை வாசல்ல உட்கார்ந்தாங்களே, எதுக்கு? மாசம் சுமார் 23,000 வாங்கிட்டு இருந்தவங்க, தனியார்கிட்ட போனா 17,000-க்கும் கீழ இறங்கும்னுதான். பெரும்பாலும் பெண்கள். பதிமூணு நாள் உட்கார்ந்தாங்க. 13-ஆம் தேதி ராத்திரி போலீஸ் வந்து அள்ளிட்டுப் போச்சு. ஊர்க் குப்பையை அள்ளினவங்களையே.

சென்னையில கூலிக்காக முதல்ல செங்கொடி ஏத்தி, 1923-ல மே தினம் கொண்டாடினவர் சிங்காரவேலர். அயோத்தியாகுப்பத்துல பிறந்த மீனவ சமூகத்துக்காரர். நூறு வருஷம் கழிச்சும், அதே கடற்கரையோரம் இருக்கிற குப்பங்கள்ல, கூலிக் கணக்கு இப்படி இருக்கு.

பழவேற்காட்டு ஏரியில "பாடு"ன்னு ஒரு பழைய முறை உண்டு. ஏரியில நல்ல மீன் கிடைக்கிற இடங்களை ஊர்க் குடும்பங்கள் முறை வச்சு, சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்கும். இன்னிக்கு உனக்கு நல்ல இடம்னா இன்னொரு நாள் எனக்கு. போட்டுல வர்ற மீன்லயும் அப்படித்தான்: செலவு போக போட்டுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பாடு முறையிலயும் குறை உண்டு. உரிமை எல்லாச் சாதிக்கும் கிடையாது, கையாலயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் அதுக்கு வெளியிலதான். ஆனா, ஏரியால பிழைக்கிறவனுக்கு ஏரியில ஒரு பங்கு உண்டுங்கிற நினைப்பு அதுல இருக்கு.

அந்த ஏரியைச் சுத்தமா வச்சிருக்கிற அக்காவுக்கு எந்தப் பாடு? பழைய தோட்டிக்குச் சாதிக் கட்டு இருந்தது, கூடவே களத்துமேட்டுல ஒரு பங்கும் இருந்தது. பங்கு போயிடுச்சு, மாசம் ஐயாயிரம் வந்திருக்கு. சாதி போச்சான்னு உங்க ஊர்த் தெருவுல காலையில நின்னு பார்த்துக்கங்க.

கிளம்பும்போது அந்த அக்கா ஒண்ணு கேட்டாங்க: "கல்லறையைப் பார்க்க அவ்ளோ தூரத்துலேருந்து வர்றீங்களே, அதுல அப்படி என்ன தம்பி இருக்கு?" முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன வியாபாரிங்க பேரு, ஊரு, தேதி எல்லாம் கல்லுல செதுக்கியிருக்குன்னு சொன்னேன். "ஓ"ன்னுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

அவங்க பேரைக் கேட்காமலே வந்துட்டேன்னு பொன்னேரி தாண்டினப்புறம்தான் உறைச்சது.

உங்க ஊராட்சியில, உங்க தெருவுல குப்பை எடுக்கிறவங்களுக்கு என்ன சம்பளம்னு நாளைக்குக் காலையில ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. கேட்கும்போது பேரையும் கேட்டுடுங்க. நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க.