விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில்: மொரேவியன் சபையின் ஈஸ்டர் வழிபாடு வளர்ந்த வரலாறு

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினாவில், வின்ஸ்டன்-சேலம் நகரின் பழைய பகுதியிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குச் சபையார் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கைகளில் வாளியும் தூரிகையும் சோப்பும் பூக்கட்டுகளும். தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் வெள்ளைக் கற்களின் அருகே முழங்காலிட்டு, குளிர்காலத்தின் பாசியையும் அழுக்கையும் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஒவ்வொரு பெயரையும் குழந்தைகள் வாய்விட்டுப் படிக்க, இவர் யார், நமக்கு என்ன முறை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறார்கள். மாலைக்குள் அந்தச் சரிவு முழுக்கப் பூ. மறுநாள் பொழுது புலரும் வேளையில் சபை அதே பூக்களுக்கு நடுவே நின்று, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று அறிக்கையிடும்.

அந்தப் பழைய பகுதியான சேலத்தில் இவ்வழிபாடு 1772இல் தொடங்கியது. புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் இன்று காணப்படும் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு முன்னோடியாகப் பொதுவாகக் காட்டப்படுவது மொரேவியர்களின் வழக்கமே. ஒரு சிறிய சபையின் வசந்தகாலப் பழக்கம் இரண்டு கண்டங்களைக் கடந்து நிலைத்த காரணத்தைத் தேடினால், தேடல் கல்லறைகளை அவர்கள் அமைத்துக்கொண்ட முறையில் போய் முடிகிறது. அந்த முறைக்கு அவர்களே துரோகம் செய்த காலமும் இந்த வரலாற்றில் உண்டு.

குன்றின் மேல் இளைஞர்கள்

மொரேவியர் என்ற பெயர் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவிலிருந்து வந்தது. 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட சீர்திருத்தவாதி ஜான் ஹஸ்ஸின் வழிவந்தவர்கள் 1457இல் ‘சகோதரர் ஐக்கியம்’ என்ற சபையை அமைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் ஒடுக்குமுறை அச்சபையை ஏறக்குறைய அழித்தது. எஞ்சியவர்களில் சிலர் 1722இல் எல்லை தாண்டி ஜெர்மானிய சாக்சனிக்கு ஓடிவந்தனர். அப்போது 22 வயதே ஆகியிருந்த சின்சென்டார்ஃப் பிரபு தம் பண்ணை நிலத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்ட, ஹூட்பெர்க் குன்றின் அடியில் ஓர் ஊர் எழுந்தது. அதற்கு ஹெர்ன்ஹூட், அதாவது கர்த்தரின் காவல், என்று பெயர் வைத்தார்கள்.

வந்தவர்கள் ஒருமனப்பட்டு வாழவில்லை. கொள்கைச் சண்டைகளால் ஊர் பிளவுபடும் நிலைக்குப் போனது. 1727 ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டார்ஃப் கோயிலில் நடந்த திருவிருந்து ஆராதனையில்தான் அவர்கள் மனம் கலந்தது. ஆராதனை முடிந்தும் பிரிய மனமில்லாமல் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குச் சின்சென்டார்ஃப் தம் மாளிகைச் சமையலறையிலிருந்து உணவு அனுப்பினார். ‘அன்பின் விருந்து’ என்ற மொரேவியன் வழக்கத்துக்கு அதுவே வித்து. ஒரே பந்தியில் சபையே உட்கார்ந்து உண்ணும் திருநெல்வேலிச் சபைகளின் அசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1732 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. மணமாகாத இளைஞர்கள் சிலர் விடியுமுன் ஹூட்பெர்க் குன்றிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப்போனார்கள். கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் தியானித்து, பாடிக் காத்திருந்தார்கள். போதகர் யாரும் ஏற்பாடு செய்ததல்ல அது. சுவிசேஷத்தில் பெண்கள் அதிகாலையில் கல்லறைக்குப் போனதாக இருக்கிறது, இளைஞர்களும் போனார்கள். அடுத்த ஆண்டு சபை முழுவதும் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

அதே 1732 ஆகஸ்டில் லெயோன்ஹார்ட் டோபர், டேவிட் நிட்ஷ்மன் என்ற இருவர் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்கு, அங்கே அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களிடம் ஊழியம் செய்யப் புறப்பட்டனர். இளைஞர்கள் குன்றேறியதும் மிஷனெரிகள் கப்பலேறியதும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகள். அதிகாலை ஆராதனை பின்னர் பரவியதும் மொரேவியன் மிஷனெரிகளின் வழியேதான்.

தேவனின் வயல்

மொரேவியர் தங்கள் கல்லறைத் தோட்டத்தைத் ‘தேவனின் வயல்’ என்கிறார்கள். உடல் வித்தாக விதைக்கப்பட்டு உயிருள்ளதாக எழும் என்ற பவுலின் உவமை அப்பெயரில் இருக்கிறது. விதைத்த வயலை வசந்தத்தில் போய்ப் பார்ப்பது உழவர்களுக்கு இயல்பு. ஹெர்ன்ஹூட்டின் இளைஞர்கள் செய்ததையும் அப்படிப் படிக்கலாம்.

அந்த வயலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஹெர்ன்ஹூட்டில் மக்கள் குடும்ப வாரியாக அல்லாமல் வயது, பால், மணநிலை பார்த்துக் குழுக்களாக வாழ்ந்தார்கள்: மணமாகாத ஆண்கள், மணமாகாத பெண்கள், மணமானவர்கள், கைம்பெண்கள், குழந்தைகள் என்று. வாழ்ந்த குழுவிலேயே புதைக்கப்பட்டார்கள். இறந்த வரிசையில், ஒருவர் பக்கத்தில் ஒருவராக. கல் எல்லாருக்கும் படுக்கை வாட்டில். பிரபுவின் பணிப்பெண்ணாக இருந்தாலும் பிஷப்பாக இருந்தாலும் நின்று உயரும் நினைவுக்கல் கிடையாது. ஆனால் சின்சென்டார்ஃபின் குடும்பத்துக்கு ஹெர்ன்ஹூட்டில் பெரிய கற்பேழைகள் அமைந்தன. சேலத்தில் அந்த விலக்கும் இல்லை.

ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைக்க வேண்டும், இறந்தபின் அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்பட வேண்டும் என்ற பழக்கமும் இருந்தது. தச்சர்கள், நெசவாளிகள், வீட்டுவேலை செய்த பெண்கள் என எளியவர்களின் ஆயிரக்கணக்கான தன்வரலாறுகள் இதனால் ஆவணக் காப்பகங்களில் எஞ்சியுள்ளன. 18ஆம் நூற்றாண்டு பற்றிய அரிய சான்றுகள் அவை. அதிகாலை ஆராதனையின் வழிபாட்டு முறையும் இதே மனப்போக்கில் உருவானது. அது சபையின் விசுவாச அறிக்கை. கடந்த ஈஸ்டருக்குப் பின் மறைந்த சகோதர சகோதரிகளோடு நித்திய ஐக்கியத்தில் காத்துக்கொள்ளும்படி அதில் ஒரு மன்றாட்டு வருகிறது. அந்த இடத்தில், நிற்பவர்களின் காலடியில் அவர்களுடைய புதுமண் இன்னும் ஈரமாக இருக்கும்.

ஞாயிறுக்கு முந்தைய நாட்களும் வெறுமையானவை அல்ல. பாடுகளின் வாரத்தில் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாக இணைத்த வாசிப்பு ஒவ்வொரு மாலையும் நடக்கிறது. பிரசங்கம் இல்லை, இயேசுவின் அந்தந்த நாள் நிகழ்ச்சிகளும் இடையே பாடல்களும் மட்டுமே. கிறிஸ்து கல்லறையில் ஓய்ந்திருந்த சனிக்கிழமை ‘பெரிய ஓய்வுநாள்’. அன்றுதான் அன்பின் விருந்து. சேலத்தில் அதற்குக் காப்பியும் இனிப்பு ரொட்டியும்.

சேலத்துக்கு வந்த வழி

பென்சில்வேனியாவில் 1741இல் பெத்லகேம் என்ற ஊரை நிறுவிய மொரேவியர், 1753இல் வட கரோலினாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் வாங்கினர். அங்கே பெத்தபராவும் பெத்தானியாவும் எழுந்தபின், 1766 ஜனவரியில் நடுநகராகச் சேலத்தைக் கட்டத் தொடங்கினர். 1771இல் சேலம் சபை முறையாக அமைந்தது. கல்லறைத் தோட்டத்தில் முதல் அடக்கமும் அதே ஆண்டு. அடுத்த வசந்தத்தில், 1772 ஏப்ரல் 19 அன்று, முதல் அதிகாலை ஆராதனை நடந்தது.

இசைக் கருவிகள் ஹெர்ன்ஹூட்டிலிருந்தே வந்த சொத்து. ஒருவர் இறந்தால் டிராம்போன்கள் அதை ஊருக்கு அறிவிக்கும். எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை வாசிக்கும் பாடலின் மெட்டே சொல்லிவிடும். ஈஸ்டர் இரவில் அதே கருவிகள் மகிழ்ச்சிச் செய்தி சொல்கின்றன. நள்ளிரவு கடந்ததும் இசைக்குழுக்கள் தெருத்தெருவாகப் போய் வாசித்து ஊரை எழுப்புகின்றன. கோயில் முன்னால் தொடங்கும் ஆராதனை, மக்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கையில் தொடர்கிறது. பல திசைகளில் நிற்கும் குழுக்கள் ஒன்று வாசிக்க மற்றொன்று பதில் சொல்லும். டாக்வுட் மரங்கள் பூத்திருக்கும் பருவம் அது. 20ஆம் நூற்றாண்டில் வானொலியும் இந்த ஆராதனையைச் சுமந்து சென்றது, கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. பெருந்தொற்றின் 2020இல் தோட்டம் வெறிச்சோடிக் கிடக்க, சபையார் வீட்டிலிருந்து பார்த்தார்கள்.

மொரேவியர் தமிழ்நாட்டுக்கும் வந்தவர்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு அருகே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்தனர். அவர்கள் குறி நிக்கோபார் தீவுகள். நோயும் மரணமும் அந்த முயற்சியைச் சிதைத்தன. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்து தரங்கம்பாடியில் ஏற்கெனவே இருந்த மிஷனெரிகளோடும் உறவு கசந்திருந்தது. 1803இல் அவர்கள் வெளியேறினர். இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு: 2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு மொரேவியர் ஊர்களான ஹெர்ன்ஹூட், பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகியவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில், முன்பே இடம்பெற்ற டென்மார்க்கின் கிறிஸ்டியன்ஸ்ஃபெல்டோடு சேர்த்தது.

பிரிக்கப்பட்ட மண்

ஒரே அளவுக் கற்களின் வரலாற்றில் ஆழமான ஒரு விரிசல் உண்டு. வட கரோலினாவில் மொரேவியன் சபையே அடிமைகளை வைத்திருந்தது. 1769இல் சபை விலைக்கு வாங்கிய சாம் என்பவர், 1771இல் ஞானஸ்நானம் பெற்று யோகன்னஸ் சாமுவேல் ஆனார். தொடக்கத்தில் கறுப்பின உறுப்பினர்கள் வெள்ளையரோடு ஒரே இருக்கையில் அமர்ந்தனர், ஒரே கோப்பையில் பருகினர், தேவனின் வயலில் அதே வரிசையில் புதைக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் அடிமைகளாகவே இருந்தனர்.

சுற்றியிருந்த தென்மாநிலச் சமூகத்தின் இனவெறி மெல்ல மெல்லச் சபைக்குள் நுழைந்தது. 1816இல் கறுப்பினத்தாருக்குத் தனிக் கல்லறை ஒதுக்கப்பட்டது. 1822இல் தனிச் சபை, 1823இல் மரக்கட்டைக் கோயில். 1861இல் செங்கல் கோயில். செயின்ட் பிலிப்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கோயிலில்தான் 1865 மே 21 அன்று அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி வாசிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய கல்லறைக் கற்கள் பெயர்க்கப்பட்டு, இடம் சமன்படுத்தப்பட்டது. சனிக்கிழமை தேய்த்துக் கழுவ அங்கே கல்லே இல்லாமல் போயிற்று. 1990களின் அகழாய்வில் அக்கற்கள் பல மீண்டும் வெளிவந்தன. 2006இல் மொரேவியன் சபையின் தென் மாகாணம் அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

பழைய வரிசைகள் முழுவதும் கலைந்துவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா இனத்தில் பிறந்து, அடிமையாகச் சேலம் வந்து, 1797இல் இறந்த ஆபிரகாம் அந்தத் தேவனின் வயலில்தான் அடக்கம் செய்யப்பட்டார். 1816க்கு முன் மறைந்த வெள்ளையரும் கறுப்பினத்தாரும் அங்கே இறந்த நாளின் வரிசையிலேயே கிடக்கிறார்கள். ஈஸ்டர் அன்று இசைக்குழுக்கள் அவர்களைச் சுற்றி நின்று வாசிக்கின்றன, கிழக்கு வெளுக்கிறது.