வகுப்பும் அட்டவணையும்

கணினியியலில் வகுப்பும் அட்டவணையும் வெவ்வேறு தேவைகளிற் பிறந்தவை. நோர்வேயைச் சேர்ந்த டால், நைகார்ட் என்போர் உலக நிகழ்ச்சிகளைக் கணினியிற் போலச்செய்து ஆராய்தற்பொருட்டு 1967இல் சிமுலா 67 என்னும் மொழியை வெளியிட்டனர். தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒருங்கே கொண்டது அம்மொழியின் வகுப்பு. பொதுவகுப்பின் இயல்புகளைச் சிறப்புவகுப்பு மரபுரிமையாகப் பெற்றது. பலரும் பகிரும் தரவுத்தொகுதியைப் பேணுதற்கோ, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கொட் என்பார் 1970இல் தொடர்புசார் முறையை வகுத்தார். நிரையும் நிரலுமாய் அமைந்த அவ்வட்டவணையில் மரபுரிமைக்கு இடமில்லை.

ஆகவே, ‘ஆள்’ என்னும் வகுப்பினின்று ‘ஆசிரியர்’, ‘மாணவர்’ என்பன கிளைப்பின், அவற்றைப் பதிதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன. யாவற்றையும் ஓரட்டவணையில் வைப்பின் வெற்றிடங்கள் பெருகும். வகுப்புக்கு ஓரட்டவணை அமைப்பின், ஒருவர் விவரத்தைப் பெறவும் அட்டவணைகளை இணைத்தல் வேண்டும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் மட்டும் தனித்தனி அட்டவணை அமைப்பின் பொதுநிரல்கள் இருமுறை வரும். ஆட்கள் அனைவரையும் ஒருங்கே தேடுதல் கடினமாகும்.

2001இல் தோன்றிய ஹைபர்னேட் போன்ற மென்பொருள்கள் இப்பெயர்ப்பு வேலையைத் தாமே செய்தன. எனினும், வழியைத் தெரிந்தெடுத்தல் வடிவமைப்போர் கடனாகவே எஞ்சியது. அத்தரவிலிருந்து அடிக்கடி வினவப்படுவது யாது என்பதை அறிந்தவரே அதனைச் செவ்வனே தெரிந்தெடுக்க வல்லார்.