பல்லாவரம் கல்லும் கைக்குச் சிக்காத கல்லும்

1/ தினமும் பல்லாவரம் தாண்டிப் போற பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1863 மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடாரி! இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அந்தக் கல்லில்தான் தொடங்கியது.

2/ அந்தக் கல்லைக் கையில் எடுத்தால் எடை, கூர், சொரசொரப்பு எல்லாம் நொடியில் தெரிஞ்சிடும். இன்னிக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி போட்டா, அதே மாதிரி கல்லை உங்க மேசை மேலேயே காட்ட முடியும். பார்க்க நிஜம் போலவே இருக்கும். எடுக்கப் போனா? விரல் கல்லுக்குள்ளேயே புகுந்துடும். கண் ஏமாந்துடுச்சு, கை ஏமாறல.

3/ ஏன்? சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடினாலே கண்ணுக்குப் போதும். ஆனா நம்ம தோலில் உள்ள பசினியன் உணரிகள் நொடிக்குச் சில நூறு அதிர்வுகளையும் பிடிச்சிடும். அதனால விரலைத் தள்ளும் விசையைக் கருவி நொடிக்குச் சுமார் 1000 தடவை கணக்குப் போடணும். தாமதமானா கல் கல்லா இருக்காது, கொழகொழன்னு ஆயிடும்.

4/ இந்தக் கண்ணாடிகள் பரவும் முன்பே, 1990-களில் எம்ஐடியில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 'ஃபேன்டம்' கருவியை உருவாக்கினாங்க. திரையில் இருக்கும் பொருளைத் தொட்டால், மோட்டார் உங்க விரலைத் திருப்பித் தள்ளும்.

5/ 2002 அக்டோபரில், மண்டயம் ஸ்ரீநிவாசன் நடத்திய எம்ஐடி டச் லேபில் ஒருவர், லண்டன் யுசிஎல்-லில் இன்னொருவர். இருவரும் சேர்ந்து திரையில் இருந்த ஒரு கனசதுரத்தைத் தூக்கினாங்க. ஒருவர் தள்ளியது மற்றவர் கையில் தெரிந்தது. நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல்!

6/ நம்ம சென்னையிலும், ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் மணிவண்ணனின் டச் லேப் இதே துறையில்தான் ஆய்வு செய்யுது.

7/ ஒரு டாக்டரா எனக்கு இது ஏன் முக்கியம்? முதுகுத் தண்டுவட நீர் எடுக்கும்போது, ஊசி சரியான இடத்துக்குள் நுழையும் நொடியில் விரலில் சின்னதா ஒரு தளர்வு தெரியும். வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நான் அதைக் கற்றது ஒரு நோயாளியின் முதுகில்.

8/ பல்லாவரத்துக் கோடாரியைச் செய்தவனும் பல கல்லை உடைச்சுத்தான் கத்துக்கிட்டிருப்பான். ஒரு கல் வீணானா அடுத்த கல். எங்களுக்கு அந்த வசதி இல்லை. கையையும் நம்ப வைக்கும் கருவி மட்டும் வரட்டும், ஒரு பயிற்சி மருத்துவரின் முதல் தவறு ஆள் இல்லாத உடம்பிலேயே முடிஞ்சு போகும்.