அம்பின் முனையும் சவரப் பிளேடும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில், சுபுஹுத் தொழுகைக்குப் பின் சிறிது தூரம் நடந்து வருவது என் வழக்கம். இரவுப் பணி முடிந்து திரும்பும் இளைஞர்களும் காலைப் பணிக்குச் செல்லும் இளைஞர்களும் கம்பெனிப் பேருந்துகளில் எதிரெதிரே கடந்து செல்லும் நேரம் அது. அண்மையில் ஒருநாள், சாலையோரத்தில் குப்பை பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரான அம்மையார் ஒருவர், மயிர் நிறைந்த பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையால் தொடாமல் குச்சியால் கிளறிக்கொண்டிருந்ததைக் கண்டேன். காரணம் கேட்டேன்.

“சலூன் கடைப் பை, பாய். உள்ளே பிளேடு கிடக்கும். தெரியாம கைய விட்டா கிழிச்சிடும்” என்று கூறிய அவர், தம் பெருவிரலை நீட்டிக் காட்டினார். அதில் பழைய வடுக்கள் இரண்டு இருந்தன.

யாரோ ஒருவருடைய தாடையில் ஒரு நிமிடம் ஓடிய இரும்புத் தகடு, அவரை ஒருநாளும் கண்டிராத இந்த அம்மையாரின் விரலை எவ்வாறு வந்தடைந்தது? இச்சிறு கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் நீண்டதொரு வரலாறு விரிகிறது.

ஒரே கத்தி, ஒரே கை

சவரக் கத்தியை அரபு மொழியில் ‘மூஸா’ என்பர். நம் இறைத்தூதர் ஒருவரின் திருப்பெயரும் இச்சொல்லும் எழுத்தில் ஒன்றுபோலவே அமைந்திருப்பதைக் கண்டு, ஓதும் பருவத்தில் நாங்கள் வியந்ததுண்டு. மூஸா என்னும் அக்கத்தி ஒரு மனிதரின் வாழ்நாள் உடைமை. சாணைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் தேய்த்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். தேய்ந்து மெலியும் வரை அது தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும். அதை எறிவது என்ற பேச்சே எழுந்ததில்லை.

அக்கத்தியை ஏந்தியவரையும் அன்றைய சமுதாயம் வெறும் மயிர் களைபவராக எண்ணவில்லை. தமிழகத்தில் நாவிதர் சமூகத்தாருக்கு ‘மருத்துவர்’ என்னும் பெயர் இன்றளவும் வழங்குகிறது. புண்ணுக்குக் கட்டுவதும் கட்டியை அறுப்பதும் அவர்கள் கைத்தொழிலாக இருந்ததே இதற்குக் காரணம். நம்மிடையே சுன்னத் செய்து வைத்த பெரியவரை ‘ஒஸ்தா’ என்றழைத்தோம். ‘உஸ்தாத்’ என்னும் சொல்லின் திரிபே அது என்பர். ஆசிரியரையும் நாவிதரையும் ஒரே சொல்லால் அழைத்த நாம், பின்னர் அவர்களைப் பந்தியிலும் மணவுறவிலும் ஒதுக்கி வைத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

கூரிய கருவியைக் கையாளும் முறைபற்றி நம் முன்னோர் விரிவாகவே சிந்தித்துள்ளனர். கி.பி. 1013 அளவில் மறைந்த அந்தலூசிய அறுவை மருத்துவப் பேரறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். ஏறத்தாழ 200 கருவிகளின் வடிவங்களை அதில் வரைந்து காட்டினார். சுன்னத் செய்வதற்குச் சவரக் கத்தியை விடக் கத்தரியே ஏற்றது என்று அனுபவம் கொண்டு முடிவு கூறியவரும் அவரே. சலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான அஷ்ஷைஸரீ, கடைத்தெருவைக் கண்காணிக்கும் ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரிக்கு வழிகாட்டும் நூல் ஒன்றை யாத்தார். நாவிதர் கைத்திறன் உடையவராக இருத்தல் வேண்டும். கத்தி கூர்மையாக இருத்தல் வேண்டும். வேலைக்கு வரும் நாளில் வெங்காயம், பூண்டு உண்டு வாய் நாற்றத்தால் பிறரை வருத்தலாகாது என்றெல்லாம் அதில் விதிகள் உள்ளன.

இவ்விதிகள் யாருடைய நலனைக் காத்தன என்று நோக்குக. ஆசனத்தில் அமர்ந்திருப்பவரின் நலனையே காத்தன. குப்பை அள்ளுபவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் கத்தி குப்பைக்குப் போகவில்லை.

எறிவதற்கென்றே பிறந்த இரும்பு

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்க நாட்டின் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் புட்டி மூடிகள் விற்கும் நிறுவனமொன்றில் விற்பனையாளராக இருந்தவர். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மீண்டும் வாங்கத் தக்க பொருளொன்றைக் கண்டுபிடி என்று அம்மூடியை உருவாக்கிய வில்லியம் பெயின்டர் அவருக்கு அறிவுரை கூறினாராம். தீட்ட வேண்டாத, தேய்ந்தால் எறியத்தக்க மெல்லிய தகடு என்னும் எண்ணம் அவ்வாறு பிறந்தது. 1903ஆம் ஆண்டில் அவர் நிறுவனம் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904இல் காப்புரிமை கிட்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கெனச் சற்றொப்ப 35 இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது அப்பழக்கமும் அவர்களுடன் ஊர் திரும்பியது.

தேய்ந்த பிளேடை எங்கே போடுவது? அமெரிக்கர் கண்ட வழி விந்தையானது. குளியலறை மருந்துப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறு பிளவை அமைத்தனர். அதன் வழியே பிளேடு சுவருக்குள் விழும். அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்குப் பின் பழைய வீடுகளை இடிக்க வந்த தொழிலாளர்கள், சுவரின் உள்ளே துருப்பிடித்த பிளேடுக் குவியல்களைக் கண்டார்கள். கண்ணிலிருந்து மறைந்ததைத் தீங்கு ஒழிந்ததாக எண்ணியதன் விளைவு அது.

நம் நாட்டிலும் பாரத், அசோக், டோபாஸ் என்று பல பெயர்களில் பிளேடுகள் வந்தன. 1960களில் உலகெங்கும் பரவிய துருவேறா எஃகு பிளேடு நிலைமையை மேலும் கடினமாக்கியது. பழைய பிளேடு மண்ணில் கிடந்தால் விரைவில் துருவேறி உதிரும். புதியதோ குப்பையிலும் நெடுநாள் தன் கூர்மையைக் காத்துக்கொண்டு காத்திருக்கும்.

சென்னையில் பிறந்த அச்சம்

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் குழுவினரும், எய்ட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவில் பரவியிருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்து வெளியிட்டனர். நாடே திடுக்கிட்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில், ‘எனக்குப் புதிய பிளேடு போடுங்கள்’ என்று கேட்கப் பட்டிதொட்டியெங்கும் மக்கள் கற்றுக்கொண்டனர். வாழ்நாள் கத்தி பெட்டிக்குள் உறங்கப் போனது. பிளேடைக் காகித உறையோடு சேர்த்தே மடித்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகிச் சவரம் செய்யும் முறை நிலைபெற்றது.

உண்மையில், உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி விரைவில் வலுவிழந்துவிடும். மிகுதியும் அஞ்சத்தக்கது மஞ்சட்காமாலையைத் தோற்றுவிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியே. அது உலர்ந்த பரப்பில் ஏழு நாட்கள் வரையேனும் உயிர்த்திருக்க வல்லது. ஆகவே ஆளுக்கொரு பிளேடு என்னும் வழக்கம் நல்வழக்கமே என்பதில் ஐயமில்லை. ஹஜ்ஜின்போது மினாவில் தலைமுடி களையும் நாவிதர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும், ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது என்று சவூதி அரசு விதித்திருப்பதும் இதன் பொருட்டே.

ஆனால் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. நாளொன்றுக்கு 30 பேருக்குச் சவரம் செய்யும் சிறிய கடை ஒன்றைக் கருதுவோம். மாதத்திற்கு 900 பாதிப் பிளேடுகள் கழிவாகும். இந்தத் தொழிற்பட்டையில் 1990களின் பிற்பகுதியிலிருந்து கார்த் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பெருகின. பீகார், ஒடிசா, அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அறைக்கு நால்வர், அறுவர் என்று தங்கினர். அவர்களை நாடிச் சலூன்கள் வந்தன. ஆசனத்தில் அமர்பவர் காக்கப்பட்டார். ஆபத்து ஒழிந்ததா? இல்லை, இடம் மாறியது. சவரம் செய்துகொள்பவரின் கன்னத்திலிருந்து, குப்பை அள்ளுபவரின் விரலுக்கு மாறியது.

மதிலுக்கு அப்பால்

பிறரைக் குறைகூறும் முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் நான் ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். வியாழன் மாலைகளில் மாணவர்கள் பிளேடால் நகம் களைவோம். களைந்த நகத்தையும் முடியையும் மண்ணில் புதைத்தல் விரும்பத்தக்கது என்று ஃபிக்ஹு நூலில் படித்திருந்தோமல்லவா? ஆகவே வேப்பமரத்தடியில் குழிதோண்டி அவற்றைப் பேணுதலாகப் புதைப்போம். பிறகு பிளேடை மதிலுக்கு அப்பால் வீசிவிடுவோம்.

மதிலுக்கு அப்பால் ஒரு பாதை இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருக் கூட்ட வந்த பெண்மணி பாதத்தைப் பற்றியபடி மதிலோரம் அமர்ந்திருந்தார். கந்தல் துணி சிவந்திருந்தது. அவர் எவரையும் ஏசவில்லை. மஞ்சள் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு போய்விட்டார். அது நான் எறிந்த பிளேடா, என் தோழன் எறிந்ததா என்பதை நான் அறியேன். என்னுடையதாக இருக்கலாம் என்பதை மட்டும் அறிவேன். மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. மனிதருக்கு மனிதர் செய்த தீங்கு, பாதிக்கப்பட்டவர் மன்னிக்காதவரை நீங்காது என்னும் பாடத்தை அதே மதரஸாவில்தான் ஓதினேன். உயிரற்ற நகத்திற்குக் கொடுத்த கண்ணியத்தை, உயிருள்ள பாதத்திற்குக் கொடுக்கத் தவறினேன்.

ஒரு தகர டப்பா போதும்

என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் ஒரகடத்தில் தொழிற்சாலைப் பணியில் உள்ளார். அட்டைப்பெட்டி அறுக்கும் கத்திக்குப் புதிய பிளேடு வேண்டுமாயின், பழையதைக் கணக்காகத் திருப்பித் தந்தால்தான் அங்கே தருவார்களாம். பழையவற்றைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் போடுவார்களாம். “ஹஜ்ரத், ஒரு பிளேடு குறைந்தாலும் அன்றைக்கு வேலையை நிறுத்தித் தேடுவோம்” என்றார். அவர் வழக்கமாகச் சவரம் செய்துகொள்ளும் கடையில் பிளேடு எங்கே போகிறது என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, “கவனித்ததில்லை” என்றார்.

அரசு விதிகளிலும் இவ்விடைவெளி உண்டு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், ஊசி, அறுவை பிளேடு போன்ற கூர்க் கழிவுகளைத் துளைக்க இயலாத, கசியாத கலத்தில் இடச் சொல்கின்றன. அவை மருத்துவ நிலையங்களைக் கருதி எழுந்தவை. சலூன் பிளேடும் அதே கூர்மையும் அதே இரத்தமும் உடையதே. விதி தேடி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.

செய்யவேண்டியது எளிது. சவரம் முடிந்ததும் பிளேடைப் பெருவிரலால் நெம்பி எடுத்தலாகாது. பிடியை டப்பாவின் மேல் சாய்த்துத் திறந்து, பிளேடு தானே உள்ளே விழுமாறு செய்தல் வேண்டும். ஒட்டிக்கொண்டால் சிறு இடுக்கியால் எடுக்கலாம். கழிந்த பால்மாவுத் தகர டப்பா ஒன்றின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வெட்டினால் போதும். முக்கால் பங்கு நிறைந்ததும் பிளவை அடைத்து, மூடியை இறுக ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். நம் வீடுகளுக்கும் இதுவே முறை. நாவிதரும் தூய்மைப் பணியாளரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுக்கொள்வது நன்று.

இப்பகுதிச் சலூன் ஒன்றை நடத்துபவர் உத்தரப் பிரதேசத்து ஸல்மானி சமூகத்தவர். ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்களைத் தம் தொழிலின் முன்னோடியாகப் போற்றுவோர் அவர்கள். உதுமானியப் பேரரசின் நாவிதர் சங்கத்தாரும் அவ்வாறே போற்றினர். அவரிடம் இச்செய்தியைக் கூறி ஒரு டப்பாவைக் கொடுத்தேன். கண்ணாடியின் கீழே சீப்புகளுக்கருகில் அது இப்போது இருக்கிறது.

பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். மற்றொரு நபிமொழியை அத்தனை பேர் நினைவில் கொள்வதில்லை. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றது அது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் நேராதபடி அவற்றின் முனைகளைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கூர்மையை உடையவனே அதற்குப் பொறுப்பாளி. எதிரே வருபவன் விலகிச் செல்லட்டும் என்று அவன் இருந்துவிடலாகாது.

இன்று நம் கையில் அம்பில்லை. ஒரு சிறு பிளேடு இருக்கிறது. அதன் முனையைப் பற்றும் கை, அந்தத் தகர டப்பாவே.